மேல்காற்றும் முன்னறிவிப்பும்
(போத்தனூர்ச் சுற்றுப்புறத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

மழையைப் பற்றிக் குடியானவனுக்கு எவ்வளவு கவலை உண்டோ, அவ்வளவு கவலை காற்றைப் பற்றியும் இருத்தல் அவசியம். மழை பொய்த்தால் பயிர் வாடுகிறது. வாடிய பயிர் அடுத்த மழைக்கு ஓரளவு தலை நிமிர்வதுண்டு. ஆனால் குலை தள்ளிய வாழை காற்றில் ஒடிந்து விழுந்தால், அதனை மறுபடி நிமிர்த்த ஒருவராலும் இயலாது. பத்து மாதப் பாடும், உரச் செலவும், தண்ணீர்ச் செலவும் ஒரே மாலைப் பொழுதில் தரையிற் சாய்ந்துவிடுகின்றன. சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் ஒன்றுதான் சாயாமல் நிற்கிறது.

காற்றை நிறுத்த மனிதரால் ஆகாது. ஆயினும் அது வரும் நாளையும், திசையையும், ஏறத்தாழ அதன் வலிமையையும் முன்னதாக அறிந்துகொள்ளும் வசதி இக்காலத்தில் கிராமங்களுக்கும் கிடைத்திருக்கிறது. அவ்வசதியைப் பெற்றும், அதிற் காணும் எண்களின் பொருள் விளங்காமையால் பலர் அதனைப் பயன்படுத்துவதில்லை. வேறு சிலர் அதனை முழுவதும் நம்பி, ஒருமுறை பொய்த்தவுடன் அடியோடு கைவிடுகின்றனர். இவ்விரண்டும் தவறு. காற்று முன்னறிவிப்பை எவ்வாறு படிப்பது, தம் கிராமத்திற்கு ஏற்றவாறு எவ்வாறு திருத்திக்கொள்வது, அதனைக்கொண்டு எந்த வேலையை எப்போது செய்வது என்பனவே இப்பாடத்தின் பொருளாம்.

1. போத்தனூருக்கு மேல்காற்று வருவது ஏன்?

தபதி நதிக்குத் தெற்கிலிருந்து கன்னியாகுமரி வரையில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் போல் நிற்கிறது. அம்மதிலில் உள்ள மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வடபுறத்தில் நீலகிரி மலை 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வரையில் எழும்பி நிற்கிறது. தென்புறத்தில் ஆனைமலைத் தொடர் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி வரையில் உயர்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிலம் தாழ்ந்து கிடக்கிறது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இருப்புப்பாதை அமைத்தவர்கள் இத்தாழ்ந்த வெளியின் வழியாகவே அதனைக் கொண்டு சென்றார்கள். 1862-ஆம் ஆண்டில் போத்தனூர் வழியாக அப்பாதை நிறைவுற்றது. ரயிலுக்கு எளிதான வழி காற்றுக்கும் எளிதான வழியேயாகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. மலை தடுக்கும் இடங்களில் அக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, மழையைப் பெரும்பாலும் மேற்குச் சரிவிலேயே பெய்துவிடுகிறது. கணவாயில் தடையின்மையால், இருபுறமும் மலைகளால் ஒதுக்கப்பட்ட காற்று நெருக்குண்டு, வேகம் மிகுந்து கிழக்கே பாய்கிறது. வாய்க்காலின் அகலம் குறுகும் இடத்தில் நீரின் ஓட்டம் விரைவதைக் குடியானவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். இங்கு நிகழ்வதும் அதுவே. வாளையாறு, எட்டிமடை, மதுக்கரை ஆகிய இடங்களைக் கடந்து வரும் அக்காற்றின் வழியிலேயே போத்தனூர் அமைந்திருக்கிறது.

இதனால் விளையும் நிலைமை வேறு பல ஜில்லாக்களில் இல்லாதது. பாலக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கையில், கோயம்புத்தூரில் ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டரே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் போத்தனூரில் மேகம் உண்டு, காற்று உண்டு, மழை மட்டும் குறைவு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியைக் கொங்கு நாட்டார் வெறும் வேடிக்கைப் பேச்சாகக் கொள்வதில்லை. பல்லடம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி ஆகிய பகுதிகளில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்கும் இக்கணவாய்க் காற்றே காரணம்.

ஆண்டின் மற்றைப் பகுதிகளில் நிலைமை மாறுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது. மார்ச் முதல் மே வரையில் திசை நிலையாக இராது. அக்காலத்துப் பிற்பகல்களில் இடிமழையுடன் திடீரென எழும் சூறை வாழைக்குப் பெரும் பகையாகும்.

2. திசையைப் படிக்கும் முறை

முன்னறிவிப்பில் காற்றின் திசை என்று குறிப்பது, காற்று எங்கிருந்து வருகிறதோ அத்திசையை. எங்கே போகிறதோ அதனையன்று. இது தமிழர்க்குப் புதிதல்ல. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று வந்த திசையைக்கொண்டே முன்னோர் பெயரிட்டனர். மேல்காற்று என்று சொல்லும்போதும் மேற்கிலிருந்து வரும் காற்றையே குறிக்கிறோம்.

வேளாண் வானிலை அறிக்கைகளில் திசை பெரும்பாலும் பாகைக் கணக்கில் எண்ணாகத் தரப்படுகிறது. வடக்கு 0 அல்லது 360, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. இதனை நினைவிற்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கடிகாரத்தைத் தரையில் வைத்து, 12 மணியின் எண் வடக்கே இருக்குமாறு திருப்பிக்கொள்ள வேண்டும். அறிக்கையிலுள்ள பாகையை 30-ஆல் வகுத்தால் வரும் ஈவே கடிகாரத்தின் மணி. உதாரணமாக, 240 என்று இருப்பின் 30-ஆல் வகுக்க 8 வரும். 8 மணி எண் இருக்கும் பக்கத்திலிருந்து, அதாவது தென்மேற்குக்கும் மேற்குக்கும் இடையிலிருந்து, காற்று வரும் என்பது பொருள். 60 என்று இருப்பின் 2 மணிப் பக்கம். அது வடகிழக்குப் பருவத்துக் காற்று.

தொலைவில் காற்றாலைகள் தெரியும் ஊர்களில் உள்ளோர்க்கு மற்றொரு குறியும் உண்டு. சுழலும் காற்றாலைகளின் தலைப்பகுதி காற்று வரும் திசையை நோக்கித் தானே திரும்பி நிற்கும். அவை எத்திசையைப் பார்க்கின்றனவோ அங்கிருந்தே காற்று வருகிறது.

3. வேகத்தைப் படிக்கும் முறை

வேகம் சாதாரணமாக மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தரப்படும. சில இடங்களில் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும், கடலைப் பற்றிய அறிக்கைகளில் நாட் என்றும் காணலாம். மீட்டர்க் கணக்கை 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்க் கணக்கு கிடைக்கும். விநாடிக்கு 5 மீட்டர் என்பது மணிக்கு 18 கிலோமீட்டர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். அளவைப் பாராமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், விநாடிக்கு 10 மீட்டர் என்பதைப் பத்துக் கிலோமீட்டர் என்று கருதி ஏமாறக்கூடும். உண்மையில் அது 36 கிலோமீட்டர் வேகமுள்ள வலுத்த காற்று.

எண்ணைக் கண்ணாற் கண்ட காற்றோடு பொருத்திப் பார்ப்பதற்கு, 1805-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் போபர்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி கப்பல்களுக்காக வகுத்து, பின்னர் நிலத்திற்கும் ஏற்றவாறு விரிவாக்கப்பட்ட படிமுறை உதவுகிறது. அதற்கு யாதொரு கருவியும் வேண்டுவதில்லை. புகையும் மரமுமே போதும்.

படி 0: புகை நேராக மேலே எழும். மணிக்கு 1 கிலோமீட்டருக்குக் குறைவு.
படி 1: புகை சாய்ந்து திசை காட்டும், இலை அசையாது. 1 முதல் 5 வரை.
படி 2: காற்று முகத்திற் படும், வேப்பிலை சலசலக்கும். 6 முதல் 11 வரை.
படி 3: இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசையும். 12 முதல் 19 வரை.
படி 4: புழுதியும் காகிதமும் எழும், சிறு கிளைகள் ஆடும். 20 முதல் 28 வரை.
படி 5: தழை நிறைந்த சிறு மரங்கள் ஆடும், குளத்து நீரில் சிற்றலை தோன்றும். 29 முதல் 38 வரை.
படி 6: பெரிய கிளைகள் ஆடும், மின்கம்பிகள் சீழ்க்கையடிக்கும், குடை பிடிப்பது கடினம். 39 முதல் 49 வரை.
படி 7: மரம் முழுவதும் ஆடும், காற்றை எதிர்த்து நடப்பது சிரமம். 50 முதல் 61 வரை.
படி 8: மரங்களிலிருந்து சுள்ளிகள் ஒடிந்து விழும். 62 முதல் 74 வரை.

இதற்கு மேற்பட்ட படிகளில் பெருங்கிளைகள் முறியும். மரங்கள் வேரோடு சாயும்.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது பயிரைத் தள்ளும் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அசையாது நின்ற வாழை 40 கிலோமீட்டர் காற்றில் விழுவதற்குக் காரணம் இதுவே. ஆகையால் சிறிய எண்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிலும், 30-க்கு மேற்பட்ட எண்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அதிக ஜாக்கிரதையுடன் நோக்க வேண்டும்.

4. சராசரியும் வீச்சும்

அறிக்கையில் வரும் வேகம் சாதாரணமாகச் சராசரி வேகமாகும். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. அடங்கி அடங்கி, இடையில் ஒரு வீச்சாகப் பாய்வதே அதன் இயல்பு. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்புகளில், மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 50 கிலோமீட்டர் வேகத்திலும் என்பது போன்ற வாசகம் வருவதுண்டு. முதலிற் சொன்னது சராசரி. இடையிடையே என்று சொன்னதே வீச்சு. பயிரை ஒடிப்பது வீச்சேயாகும். 30 கிலோமீட்டர் காற்றின் விசையைக் காட்டிலும் 50 கிலோமீட்டர் வீச்சின் விசை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆதலால் வீச்சைக் குறிக்கும் எண் தரப்பட்டிருப்பின், முட்டுக்கொடுப்பதற்கு அதனையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

சூறை என்பது வேறு. சில நொடிகளில் அடங்கும் வீச்சைப் போலன்றி, திடீரெனப் போபர்ட் படியில் மூன்று படிகளேனும் உயர்ந்து, ஆறாம் படியையோ அதற்கு மேலோ எட்டி, ஒரு நிமிடமேனும் நீடிப்பதையே வானிலைத் துறையினர் சூறை என்று வகுத்திருக்கின்றனர். சித்திரை, வைகாசி மாதத்து இடிமழையின் முன்னணியில் வருவது பெரும்பாலும் இதுவே.

மேலும், கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்கென விடுக்கப்படும் எச்சரிக்கையை நிலத்திற்குரியதாகக் கொள்ளலாகாது. அரபிக் கடலில் 60 கிலோமீட்டர் காற்று என்ற செய்தியைக் கேட்டுப் போத்தனூரில் காய் முற்றாத குலையை அவசரமாக வெட்டுவது வீண் நஷ்டம். அறிவிப்பு எப்பகுதிக்குரியது என்பதை முதலிலும், எந்நாளுக்குரியது என்பதை அடுத்தும், எண்ணை இறுதியிலும் படிப்பதே முறை.

5. முன்னறிவிப்பு கிடைக்கும் இடங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1945 முதல் அத்துறை வானொலி மூலமாக விவசாயிகளுக்கென வானிலை அறிக்கை வழங்கலாயிற்று. இப்பொழுது அத்துறையும் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் வேளாண் வானிலை அறிக்கைகளை வெளியிடுகின்றன. அடுத்த ஐந்து நாட்களுக்குரிய மழை, வெப்பம், ஈரப்பதம், மேகமூட்டம், காற்றின் வேகம், திசை ஆகியவை அவற்றில் இருக்கும். கைப்பேசி வைத்திருப்போர் மேகதூத் என்னும் செயலியில் அவற்றைக் காணலாம்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி முதல் கிராமப் பஞ்சாயத்து அளவிலான முன்னறிவிப்பும் தொடங்கப்பட்டது. ஐந்து நாட்களுக்குரிய நிலவரத்தையும் மணிவாரி நிலவரத்தையும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்திலும் மேரி பஞ்சாயத் செயலியிலும் பார்க்கலாம். போத்தனூர் இப்பொழுது கோயம்புத்தூர் மாநகராட்சியைச் சேர்ந்ததாயினும், அதன் தெற்கிலும் மேற்கிலும் உள்ள பஞ்சாயத்துக் கிராமங்களுக்கு இது மிகவும் பயன்படும்.

இவையன்றி, இடிமழைக்கு மூன்று மணி நேரத்திற்கு முற்பட்ட உடனடி அறிவிப்பு ஒன்றும் உண்டு. அதில் நிறங்கள் வழங்கப்படுகின்றன. பச்சைக்கு நடவடிக்கை வேண்டியதில்லை. மஞ்சளுக்குக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்புக்கு உடனே செயற்பட வேண்டும். ஐந்து நாள் முன்னறிவிப்பு ஆளும் பொருளும் திரட்டுவதற்கு; மூன்று மணி அறிவிப்பு மாட்டையும் மக்களையும் பாதுகாப்பான இடத்திற் சேர்ப்பதற்கு. ஒன்றன் வேலையை மற்றொன்றினிடம் எதிர்பார்க்கலாகாது.

6. கட்டமும் கிராமமும்

முன்னறிவிப்பு ஒரு கிராமத்தின் பெயரால் வந்தபோதிலும், அக்கிராமத்தின் ஒவ்வொரு தோட்டத்தையும் பார்த்து எழுதியதன்று. கணிப்பொறியானது நாடு முழுவதையும் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் வழக்கத்திற்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டத்தின் பக்கம் 6 கிலோமீட்டர். அதற்கு முன்னர் 12 கிலோமீட்டராக இருந்தது. அதாவது முன்னர் 144 சதுரக் கிலோமீட்டருக்கு ஒரே எண். இப்பொழுது 36 சதுரக் கிலோமீட்டருக்கு ஒரே எண். இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் 36 சதுரக் கிலோமீட்டருக்குள் மதுக்கரையின் குன்றும், அதன் மறைவிலுள்ள காடும், திறந்த மேட்டு நிலமும், தென்னந்தோப்பும் அடங்கிவிடக்கூடும். குன்றின் கிழக்கே ஒதுக்கமாயுள்ள தோட்டத்திற்கும் மேட்டிலுள்ள தோட்டத்திற்கும் ஒரே எண் பொருந்தாது.

அன்றியும், காற்றின் வேகம் உயரத்தோடு வேறுபடும். வானிலை நிலையங்களில் பொதுவாகத் தரைக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். தரையை ஒட்டிய காற்று மெதுவானது. தென்னையின் தலையில் வீசும் காற்று அதனினும் விரைவானது. கத்தரிப் பாத்தியில் மென்காற்றாக இருக்கும் அதே வேளையில் தென்னை மட்டைகள் அலைவது இதனாலேயே.

எனவே, முன்னறிவிப்பின் எண்ணைத் தம் நிலத்திற்கேற்பத் திருத்துவது குடியானவரின் கடமை. அதனைச் செய்ய வல்லவர் வேறொருவரும் இலர்.

7. காற்றுப் பதிவேடு

திருத்துவதற்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஐந்து பத்திகள் இட வேண்டும்: தேதி, முன்னறிந்த திசை, முன்னறிந்த வேகம், கண்ட திசை, கண்ட படி. தினமும் ஒரே இடத்தில் நின்று, ஒரே மரத்தைப் பார்த்து, காலை 7 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எழுதி வர வேண்டும். காலையில் தரைக்காற்று அடங்கியிருப்பதும், வெயில் ஏற ஏற வேகம் மிகுந்து பிற்பகலில் உச்சத்தை அடைவதும் இயல்பு. ஆதலால் மணிவாரி முன்னறிவிப்பு கிடைப்பின் அந்தந்த மணிக்குரிய எண்ணையே எழுத வேண்டும். நாள் முழுவதற்கும் உரிய சராசரியைப் பிற்பகல் காற்றோடு ஒப்பிட்டால் முன்னறிவிப்பு எப்போதும் குறைவாகவே தோன்றும்.

ஓர் உதாரணம் காண்போம். ஆடி மாதத்துப் பத்து நாட்களில் முன்னறிவிப்பு ஏழு நாட்களுக்கு மூன்றாம் படியும், மூன்று நாட்களுக்கு நான்காம் படியும் காட்டியது எனக் கொள்வோம். மேட்டு நிலத்திலுள்ள ஓர் அங்கத்தினர், அவ்வேழு நாட்களில் ஆறு நாட்கள் நான்காம் படியையும், மற்ற மூன்று நாட்களில் இரண்டு நாட்கள் ஐந்தாம் படியையும் கண்டார். எஞ்சிய இரண்டு நாட்களிலும் முன்னறிவிப்பும் கண்டதும் ஒத்திருந்தன. ஆகப் பத்தில் எட்டு நாட்கள் கண்டது ஒரு படி அதிகம். ஆகவே மேல்காற்றுக் காலத்தில் அத்தோட்டத்திற்கு முன்னறிவிப்பின் மேல் ஒரு படி கூட்டிக்கொள்வதே தக்கது. குன்றின் மறைவிலுள்ள அங்கத்தினரின் புத்தகத்தில் ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டியதாகக் காணலாம்.

இத்திருத்தம் அத்திசைக்கு மட்டுமே உரியது. மேல்காற்றுக்கு மறைவான தோட்டம் கொண்டலுக்குத் திறந்ததாயிருக்கலாம். எனவே பருவம் மாறும்போது புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும். பத்து நாள் கணக்கு ஒரு தொடக்கமே. ஒரு பருவம் முழுவதும் எழுதிய கணக்கே நம்பத்தக்கது.

8. எச்சரிக்கை பொய்த்தால்

சூறை வரும் என்று சொல்லி வாராது போன நாட்களைக் காட்டி முன்னறிவிப்பை இகழ்வோர் உண்டு. இடிமழையானது ஒரு கிராமத்தில் பெய்து அடுத்த கிராமத்தை விட்டுச் செல்லும் தன்மையது. அறிவிப்பில் ஓரிரு இடங்களில் என்று இருந்தால், அப்பகுதியிலுள்ள இடங்களில் நாலில் ஒரு பங்கிற்கு மேற்படாதவற்றிலேயே அது நிகழும் என்பது பொருள். நாலில் மூன்று பங்கு இடங்களில் நிகழாமலிருப்பது அறிவிப்பின் பிழையன்று. அறிவிப்பே அவ்வாறுதான் கூறுகிறது.

அப்படியாயின் எச்சரிக்கைக்காகச் செலவு செய்வது தகுமா? இதனைக் கணக்கிட்டே முடிவு செய்யலாம். கணக்கு எளிதாகும் பொருட்டு, ஒரு வாழைக்குக் கட்டை இறுக்கிக் கயிறு கட்ட 10 ரூபாய் ஆகும் என்றும், குலை விழுந்தால் 200 ரூபாய் நஷ்டம் என்றும் வைத்துக்கொள்வோம். கட்டிய வாழைகளிலும் பாதி விழுந்துவிடும் என்றே கொள்வோம். அப்பொழுது கட்டுவதனால் ஒரு வாழைக்குச் சராசரியாக 100 ரூபாய் மிஞ்சும். 10 ரூபாய்ச் செலவு 100 ரூபாயைக் காக்குமானால், பத்து எச்சரிக்கைகளில் ஒன்று மட்டும் மெய்யானாலும் செலவு சரியாகிவிடும். இரண்டு மெய்யானால் லாபம். ஒவ்வொருவரும் தம் கூலி விகிதத்தையும் குலையின் விலையையும் இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முளைத்து ஒரு மாதமான கன்றுக்கு அச்செலவு தகாது; குலை தள்ளிய மரத்திற்கு நிச்சயமாகத் தகும்.

9. காற்றறிந்து செய்ய வேண்டிய வேலைகள்

மருந்து தெளித்தல்: இரண்டாம் படியளவு மென்காற்றே ஏற்றது. நான்காம் படியில் தெளித்தால் மருந்து பயிரிற் படாமல் அடுத்த தோட்டத்திலும் தெளிப்பவர் மேலும் படும். மேல்காற்றுக் காலத்தில் காலைப் பொழுதே உகந்தது. காற்று வரும் பக்கத்திற்கு முதுகைக் காட்டி நின்று, காற்று போகும் பக்கத்து ஓரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நகர வேண்டும்.

நீர் பாய்ச்சல்: பலத்த காற்று இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை விரைவில் கவர்ந்துவிடுகிறது. தெளிப்பு நீர்ப்பாசனம் உள்ளவர்கள் காற்று அடங்கிய இரவிலோ விடியலிலோ நீர் விட்டால் சேதம் குறையும். அதே சமயத்தில், குலை தள்ளிய வாழைக்குச் சூறை எச்சரிக்கை உள்ள நாளில் மிகையாக நீர் பாய்ச்சினால், மண் இளகி வேர்ப்பிடிப்புத் தளரும்.

மண் அணைத்தலும் முட்டுக்கொடுத்தலும்: வாழைக்கு மண் அணைத்தல் காற்றுக்காலத்திற்கு முன்னரே முடிய வேண்டும். முட்டுக்கோலை, குலையின் பாரம் சாயும் பக்கத்தையும் காற்று தள்ளும் பக்கத்தையும் கருதி நாட்ட வேண்டும். மேல்காற்றுக் காலத்தில் மரம் கிழக்கே தள்ளப்படுமாதலின் கிழக்கே முட்டும் மேற்கே கயிறும் அமைவது நலம்.

தூற்றுதல்: சோளம், கம்பு முதலியவற்றைத் தூற்றுவதற்கு இரண்டாம், மூன்றாம் படிச் சீரான காற்று வேண்டும். அதற்கு மேற்பட்டால் பதரோடு மணியும் போகும். முன்னறிவிப்பைப் பார்த்து நாளைக் குறித்தால் ஆட்கூலி மிஞ்சும்.

நெருப்பு: நான்காம் படிக்கு மேற்பட்ட காற்றுள்ள நாளில் வரப்பிலும் காட்டிலும் தீ மூட்டுதல் கூடவே கூடாது. வைக்கோற்போரை வீட்டிற்கும் மாட்டுக்கொட்டகைக்கும் மேற்கே வைப்பது, ஆறு மாத காலம் பொறியை வீட்டின் மேல் ஏவுவதற்கு ஒப்பாகும்.

10. நிலையான காப்பு

முன்னறிவிப்பு ஓரிரு நாள் அவகாசமே தரும். நிலையான காப்பு மரவரிசையே. மேல்காற்றைத் தடுக்க வேண்டியிருப்பதால், வரிசை தோட்டத்தின் மேற்கெல்லையில் வடக்குத் தெற்காக அமைய வேண்டும். சவுக்கு, அகத்தி, சில்வர் ஓக் ஆகியவை ஏற்றவை; அடியில் கிளுவை வேலி இருப்பின் தாழ்காற்றும் தடைப்படும். கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தார் இதற்கென்றே தேர்ந்த சவுக்கு இனங்களை வெளியிட்டுள்ளனர்.

மரவரிசையின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரையில் காப்பு நன்றாக இருக்கும்; இருபது மடங்கு வரையில் ஓரளவு இருக்கும். 8 மீட்டர் உயரமுள்ள வரிசை 80 மீட்டர் வரையில் நன்கு காக்கும். வரிசை சுவர் போல் அடைபட்டிருத்தல் ஆகாது. அவ்வாறாயின் காற்று மேலே ஏறிக் குதித்து மறுபுறத்தில் சுழலும். ஏறக்குறையப் பாதிக் காற்று ஊடே புகுந்து செல்லுமாறு இருப்பதே நலம். ஆயினும் இடையில் ஒரு மரம் பட்டுப்போய்ச் சந்து விழுமாயின், அதனை உடனே நிரப்ப வேண்டும். இரு மலைகளுக்கிடையே கணவாய் காற்றை நெருக்கி விரைவுபடுத்துவது போலவே, அச்சந்தும் காற்றை நெருக்கி ஒரே பாத்தியின் மேல் பாய்ச்சும். வண்டிப் பாதைக்கென விடும் வழியையும் இக்காரணத்தால் மேற்கே விடாமல் வடக்கிலோ தெற்கிலோ விடுவது அறிவுடைமை.

11. சங்கம் செய்யத்தக்கவை

தனி ஒருவர் தினமும் அறிக்கையைப் பார்த்தல் சிரமம். சங்கத்திற்கு அது எளிது. சங்கக் கட்டடத்தின் முன் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைய காற்றின் திசையையும் வேகத்தையும் படியையும் தமிழில் எழுதி வரலாம். கைப்பேசி பயிலாத முதியோருக்கும் பெண்டிருக்கும் அது பயன்படும். கூரையின் மேல் திறந்த வெளியில் ஒரு துணிக்குழலைக் கம்பத்திற் கட்டினால் திசை யாவர்க்கும் புலப்படும். முட்டுக்கோலும் கயிறும் பங்குனிக்கு முன்னரே மொத்தமாக வாங்கி வைத்தால் விலை குறையும்; சூறை எச்சரிக்கை வந்த நாளில் கடை கடையாக அலைய வேண்டியிராது. மேட்டிலும் பள்ளத்திலும் குன்றின் மறைவிலும் உள்ள நான்கைந்து அங்கத்தினர் தனித்தனியே எழுதிய காற்றுப் பதிவேடுகளைச் சங்கத்தில் ஒன்றுசேர்த்தால், அக்கிராமத்தின் எந்தப் பகுதியில் வாழை வைக்கலாம், எந்தப் பகுதியில் முதலில் மரவரிசை வைக்க வேண்டும் என்பது எழுத்து மூலமாகத் தெரியவரும். வாழைக்குக் கடன் வழங்குகையில் மரவரிசை உண்டா என்று கேட்பது, கடன் வாங்குவோர்க்கும் சங்கத்திற்கும் ஒருங்கே நன்மையாம்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்:

1. திசை 270, வேகம் விநாடிக்கு 8 மீட்டர் என்று அறிக்கை கூறுகிறது. காற்று எங்கிருந்து வரும்? மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? அது எந்தப் படி? அன்று மருந்து தெளிக்கலாமா?
2. நம் கிராமத்தில் மேல்காற்றுக்கு மறைவான தோட்டங்கள் எவை? கீழ்க்காற்றுக்கு மறைவானவை எவை?
3. நம் ஊர்க் கூலி விகிதப்படி, எத்தனை எச்சரிக்கைகளில் ஒன்று மெய்யானால் வாழைக்குக் கட்டுதல் லாபமாகும்?
4. நம் மரவரிசைகளில் சந்து விழுந்த இடங்கள் எவை? அவற்றை இந்த ஆண்டு யார் நிரப்புவது?

கணவாய் உள்ள வரையில் மேல்காற்று வந்துகொண்டேயிருக்கும். வைகாசி பிறப்பதற்கு முன் பதிவேட்டின் முதற் பக்கத்தைத் தொடங்கும் சங்கம், அந்த ஆடியிலேயே அதன் பயனை அடையும்.